பழைய நிஞ்சா 650 வாங்கப் போகிறீர்களா? முதலில் சீட்டைக் கழற்றிப் பாருங்கள்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பழைய கவாஸாகி நிஞ்சா 650 பைக் வாங்கி ஏமாந்துவிட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த வண்டி அது. விற்ற வியாபாரி அதை மறைத்துவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை.

வண்டித் தயாரிப்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 649 சிசி, இரண்டு சிலிண்டர், 68 குதிரைத்திறன். கல்லூரி நாளிலிருந்தே அந்த வண்டி மேல் கண். ஐந்து வருடம் சீட்டுப் பணம் கட்டி எடுத்த காசு அது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

2024 ஆகஸ்டில் வண்டி பார்க்கப் போனேன். “டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாரு” என்றார் வியாபாரி. பச்சை பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. புது செயின், புது பிரேக் பேடு. நான் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க விடவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் அப்பா முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் அலமாரியைப் பார்த்தால் முதலில் கவிழ்த்து அடிப்பலகையைத்தான் பார்ப்பார். “மேல பாலிஷ் போடலாம்டா, அடியில எவனும் போட மாட்டான்” என்பார். அவரையும் கூட்டிப் போயிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நூறடிச் சாலையில் போனால் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். செக்காலை ரோட்டு நெரிசலில் ரேடியேட்டர் விசிறியின் அனல் தொடையைச் சுட்டது. 196 கிலோ வண்டியை எங்கள் வீட்டு முகப்புப் படியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். பின் டயர் 160/60 அளவு, உள்ளூர்க் கடையில் சட்டென்று கிடைக்காது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடத்துக்கு 2,804 ரூபாய், அதற்கு மேல் வரி. இதெல்லாம் தெரிந்தேதான் வாங்கினேன், இவற்றைப் பற்றிப் புலம்பவில்லை.

நான்காவது வாரம் திருமயம் போகும் வழி. 90-ல் போய்க்கொண்டிருந்தேன். மீட்டர் அப்படியே இருண்டது, இன்ஜின் நின்றது. பின்னால் ஒரு மணல் லாரி. கிளட்சைப் பிடித்து இடது ஓரம் ஒதுங்குவதற்குள் அந்த ஹாரன் என் காதுக்குள்ளேயே அடித்தது. அன்று பின் சீட்டில் என் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

குட்டி யானையில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோனேன். அங்கே ஒரு வயதான மெக்கானிக். சீட்டைக் கழற்றினார், டேங்கைத் தூக்கினார், கண்ணுக்கே தெரியாத ஒரு மூலையில் வண்டியின் பிரேம் சட்டத்தின் மடிப்புக்குள் விரல் நகத்தை விட்டுச் சுரண்டி என் உள்ளங்கையில் கொட்டினார். மாவு மாதிரி நைசான சாம்பல் நிற வண்டல். அப்புறம் ஒரு வயரிங் கனெக்டரைப் பிரித்தார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பூசணம் பூத்திருந்தது. ஹெட்லைட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, கண்ணாடியின் உட்பக்கம் குறுக்கே ஒரு கோடு.

“தண்ணி நின்ன மட்டம், தம்பி. ஹெட்லைட் வரைக்கும் முங்கியிருக்கு.”

“ஆயில் சுத்தமாத்தானே அண்ணே இருந்துச்சு?”

“மாத்திட்டா சுத்தமாத்தான் இருக்கும்.”

வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), ஏபிஎஸ் யூனிட், முழு வயரிங் எல்லாம் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டார்கள். அதற்குப் பிறகும் எந்த கனெக்டர் எப்போது கைவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார்கள்.

ஆர்சியில் இருந்த முதல் உரிமையாளரின் விலாசத்துக்குப் பதிவுத் தபால் போட்டேன். நல்ல மனிதர், பத்தாம் நாள் அவரே போன் செய்தார். அவர் டாக்டரே இல்லை. அடுக்குமாடியின் தரைக்கு அடியில் இருந்த பார்க்கிங்கில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டது. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அப்படித்தான் செய்வார்கள். அதற்குப் பிறகு வண்டி ஏலத்தில் கைமாறி வந்திருக்கிறது. உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்.

நான் விட்ட இன்னொரு கோட்டை, பழைய பாலிசியைக் கேட்காதது. வியாபாரி புதிதாகப் போட்ட மூன்றாம் நபர் பாலிசியை மட்டும் காட்டினார். நம் வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் முழுக் காப்பீட்டுப் பாலிசிகளை வருட வரிசையில் வாங்கிப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி) 20, 25, 35 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். நடுவில் திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தாலோ, ஒரு வருடப் பாலிசியையே காட்ட மறுத்தாலோ, அந்த வருடம் ஏதோ நடந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரி ஆர்டிஓ அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதையும் கேளுங்கள். என் வியாபாரியிடம் அது இல்லை.

பணத்தில் பாதியை ரொக்கமாகக் கொடுத்ததும் என் தப்பு. ரசீதில் 1 லட்சத்து 70 ஆயிரம்தான் இருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்டபோது, “வண்டிய நீங்க ஓட்டிப் பாத்துத்தான சார் எடுத்தீங்க?” என்றார். அதோடு போனை எடுப்பதில்லை.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வியாபாரி வெளியூர் என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வண்டல், கனெக்டர், ஹெட்லைட் கோடு எல்லாவற்றையும் மெக்கானிக் எதிரிலேயே வீடியோ எடுத்து, எழுத்தில் அறிக்கையும் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றைத்தான் இப்போது நம்பியிருக்கிறேன்.

முதல் உரிமையாளர் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார். அதே அடுக்குமாடியிலிருந்து இன்னும் நான்கு பைக்குகள் அதே லாரியில் ஏறிப் போயினவாம். 2023 டிசம்பருக்குப் பிறகு சென்னைப் பதிவுள்ள பெரிய பைக் எதையாவது நம் பக்கத்தில் யாராவது வாங்கியிருந்தால், இன்று சாயங்காலமே சீட்டைக் கழற்றி, டேங்குக்குக் கீழே சட்டத்தின் மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் வந்தால் அதை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.