சுழலும் செயற்கைக்கோள்: ஸ்டாப்வாட்ச், வீடியோ, கோட்டுப்படம், லேசர் – எது எதற்கு?

கட்டுப்பாடு இழந்து சுழலும் செயற்கைக்கோளைப் பற்றித் தெரியவேண்டியவை இரண்டு: ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி, சுழல் அச்சு எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது. சுழலும்போது அதன் தட்டையான பலகை சூரிய ஒளியை நம் பக்கம் திருப்பும் கணத்தில் ஒரு மினுக்கல் தெரியும்; அதை வைத்துத்தான் அளக்கிறோம். முதலாவதற்கு எளிய கருவியே போதும். இரண்டாவதற்குப் பெரிய தொலைநோக்கியைவிடத் துல்லியமான கடிகாரமே முக்கியம்.

ஸ்டாப்வாட்சைக் குறைவாக எடைபோட வேண்டாம். கைவிரல் 0.1 முதல் 0.2 விநாடி வரை பிசகும். ஆனால் முதல் மினுக்கலிலிருந்து 21ஆவது வரை அளந்து 20ஆல் வகுத்தால் பிழை 0.01 விநாடிக்கு இறங்கிவிடும். நடுவில் ஒரு மினுக்கலைத் தவறவிட்டாலோ விடை 5 சதவீதம் கெட்டுவிடும். விநாடிக்குப் பலமுறை மினுக்குவதைக் கண்ணால் எண்ணவே முடியாது.

வீடியோவில் விநாடிக்கு 30 படம், அதாவது படத்துக்கு 33 மில்லிவிநாடி. சூரியன் வானில் அரை டிகிரி அகலம். கண்ணாடிபோல் தட்டையான பலகை கால் டிகிரி திரும்பினாலே மினுக்கல் முடிந்துவிடும். 60 விநாடிச் சுழற்சியில் இது 0.04 விநாடிதான், ஏறக்குறைய ஒரே ஒரு படம். ஆகவே நேரத்தை நம்பலாம், உச்ச ஒளியை நம்பக்கூடாது. தானியங்கி ஒளிப்பெருக்கத்தை அணைத்துவிடுங்கள். கணினிக் கடிகாரம் நழுவும். ஜிபிஎஸ் நேரத்தைப் படத்திலேயே பதியுங்கள். வரிவரியாகப் படிக்கும் சென்சாரில் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் பல மில்லிவிநாடி வித்தியாசம் வரும். செயற்கைக்கோள் விழுந்த வரியைப் பார்த்து அதைத் திருத்த வேண்டும்.

நான் முதலில் கையிலெடுப்பது கோட்டுப்படம். கேமரா விண்மீன்களைத் தொடரட்டும், செயற்கைக்கோள் கோடாக இழுபடட்டும். விநாடிக்கு அரை டிகிரி நகரும் பொருள், பிக்சலுக்கு 10 வில்விநாடி (ஒரு வில்விநாடி டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) உள்ள படத்தில் விநாடிக்கு 180 பிக்சல் ஓடும். புள்ளி 3 பிக்சல் பரவினாலும் 17 மில்லிவிநாடி பிரித்தறியலாம். வீடியோவைவிட இது நுட்பம். பக்கத்து விண்மீன்களே இடத்தையும் ஒளியளவையும் தந்துவிடும். கோட்டின் எந்த முனை தொடக்கம் என்பதைச் சுற்றுப்பாதையிலிருந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மங்கலான பொருளுக்கு இது உதவாது. ஒளி கோடு முழுக்கச் சிதறிவிடும்.

லேசர் முறையில் தரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கிறோம். இதற்குச் சூரிய ஒளியே வேண்டாம், ஆனால் வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பும் எதிரொளிப்பான் பொருளில் இருக்க வேண்டும். 2012 ஏப்ரலில் தொடர்பு இழந்த ஐரோப்பியச் செயற்கைக்கோள் என்விசாட்டின் சுழற்சி சுமார் 135 விநாடி என்று 2013இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நிலையத்தின் லேசர் அளவீடு காட்டியது. ஜப்பானின் அஜிசாய் செயற்கைக்கோளில் 318 கண்ணாடிகளும் 1436 எதிரொளிப்பான்களும் இருப்பதால் மினுக்கல், லேசர் ஆகிய இரண்டு முறைகளையும் ஒன்றோடொன்று சரிபார்க்க முடிகிறது.

எந்த ஒளிமுறையிலும் இரண்டு பொறிகள் காத்திருக்கும். ஒன்று, எதிரெதிராக இரு பலகைகள் இருந்தால் பாதிக் காலத்தையே முழுச் சுற்று என்று எண்ணிவிடுவோம். அடுத்தது பார்வைத் திசை நகர்வது. செயற்கைக்கோளிலிருந்து பார்க்கும்போது சூரியத் திசைக்கும் நம் திசைக்கும் நடுவே செல்லும் நடுக்கோடு விநாடிக்கு 0.25 டிகிரி அச்சைச் சுற்றி நகர்ந்தால், உண்மையான 20 விநாடி 20.28 ஆகவோ 19.73 ஆகவோ தெரியும்.

இந்த நடுக்கோடுதான் அச்சையும் காட்டிக்கொடுக்கும். மினுக்கிய கணத்தில் பலகையின் செங்குத்துக்கோடு அதன்மேல்தான் நிற்கும். ஒரே பலகையின் மினுக்கல்கள் தரும் நடுக்கோடுகளெல்லாம் அச்சைச் சுற்றிய ஒரு கூம்பில் அமையும். நன்றாகத் தள்ளித்தள்ளி மூன்று கிடைத்தால் கூம்பும் அச்சும் முடிவாகிவிடும். ஒரே இடத்திலிருந்து, செயற்கைக்கோள் ஒருமுறை வானைக் கடக்கும்போது எடுத்தவை நெருங்கிக் கிடக்கும், விடை தள்ளாடும். அதனால் இரண்டு இடங்களிலிருந்து ஒரே இரவில் பார்ப்பது நல்லது. நாட்கள் போனால் அச்சே நகர்ந்திருக்கலாம். அச்சைச் சுற்றி இடமா வலமா என்பதை, நமக்குத் தெரியும் சுழற்சிக் காலம் உண்மையானதைவிட நீண்டதா குறுகியதா என்பது சொல்லிவிடும்.