அம்பாசடருக்குப் பழைய எஞ்சினா, இசுசுவா?

சைலன்சரில் நீலப்புகை கிளம்பிவிட்டால் அம்பாசடர் வைத்திருப்பவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இருக்கிற 1489 சிசி பெட்ரோல் எஞ்சினையே இறக்கி வேலை பார்க்கலாம் என்பார் ஒருவர். 1990-களில் வந்த 1817 சிசி இசுசுவை, அதாவது ஜப்பானிய இசுசு நிறுவன வடிவமைப்பில் வந்த பெட்ரோல் எஞ்சினைப் பொருத்து என்பார் இன்னொருவர். டீசலுக்கு மாறிவிடச் சொல்பவரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டியென்றால் ஆசைப்பட்டதைச் செய்யலாம். திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டிய வண்டிக்கு, அது எத்தனை நாள் பட்டறையில் கிடக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

டீசலை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன். பழைய 1489 சிசி டீசலுக்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. மேம்பாலத்தில் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். 1995 சிசி இசுசு டீசல் தேவலாம் என்றாலும், எரிபொருளே மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைச்சல் அதிகம்.

இசுசு பெட்ரோலின் கவர்ச்சி நியாயமானது. பழைய எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன், நான்கு கியர். இது 75, ஐந்து கியர். நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டியதும் பழையது போடுகிற கூச்சல் இதில் இல்லை. உற்பத்தியாளரே இதே உடலில் வைத்து விற்ற எஞ்சின் என்பது பெரிய வசதி. ஆனால் எஞ்சினை மட்டும் வாங்கிவராதீர்கள். கியர் பாக்ஸ், அதன் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் குழாய் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். உடைக்கப்போகிற ஒரு முழு இசுசு அம்பாசடர் கிடைத்தால் அதுதான் மலிவு. இல்லையென்றால் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் லேத் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதுதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்குக் கூடுதல் வேகம் கொடுப்பதற்கு முன் பிரேக்குக்கும் பணம் ஒதுக்குங்கள். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பழைய எஞ்சின் எளிமையானது: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்குக்கு மூன்று பேரிங், வால்வைத் திறக்கப் புஷ் ராடு என்கிற தள்ளுகம்பி. சிலிண்டர் துளைகளைக் கடைந்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டால் புகை நிற்கும். ஒழுகல் நிற்காது. கிராங்க்கின் பின்பக்கம் முறையான ஆயில் சீல் கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் மரைதான். அதனால் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சொட்ட ஒரு காகித அட்டை எப்போதும் கிடக்கட்டும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போதே, வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட்டைக் கடினப்படுத்தியதாகப் போட்டுவிடுங்கள். பழைய சீட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பியிருந்தவை. அது 2000-த்தோடு நாட்டில் நின்றுபோனது. எத்தனால் கலப்பு பழைய ரப்பரை அரிப்பதால் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுவது நல்லது. இது இசுசுவுக்கும் பொருந்தும்.

இனி ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட எனக்குப் பயம், விபத்துக்குப் பிறகு எஞ்சின் எண் பொருந்தவில்லை என்று காப்பீட்டுக்காரர் கைவிரிப்பது. வாரந்தோறும் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓடுகிறவர், அனுமதி கைக்கு வந்தால், இசுசுவுக்குப் போகட்டும்.

என் ஓட்டம் நகருக்குள்தான். அதனால் அதே 1489 சிசியில் இன்னொரு பிளாக்கை, அதாவது எஞ்சினின் அடிப்பகுதியை, ரசீதோடு வாங்கினேன். அதை முழுதாகத் தயார் செய்துவிட்டால், சனி, ஞாயிறு இரண்டு நாளில் மாற்றிவிடலாம். எஞ்சின் எண் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பிளாக் இப்போது லேத்தில் இருக்கிறது. இன்று காலையும் பழையதுதான் புகைவிட்டுக்கொண்டே என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டது.