கஸ்டம் ரோம் போட குடுத்த போக்கோ எஃப்1-ல ஐஎம்இஐ-ங்கற ஃபோனோட அடையாள நம்பரையே மாத்தி குடுத்துட்டானுங்க, உஷார் மக்களே

பழைய ஃபோன்ல கஸ்டம் ரோம், அதாவது ஃபோன் கம்பெனி தராத, வெளிய இருக்கறவங்க பண்ண புது ஆண்ட்ராய்டு போட்டு தர்றோம்னு இப்ப தெருவுக்கு ரெண்டு மொபைல் கடைல போர்டு தொங்குது, இன்ஸ்டாவ தொறந்தா ரீல்ஸ்லயும் அதே விளம்பரம்தான். ஃபோன தூக்கி குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு வாட்டி முழுசா படிச்சிடுங்க. கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா வரிசையா சொன்னாத்தான் எந்த எடத்துல எப்படி சொருகுறாங்கன்னு புரியும்.

ஃபோன் போக்கோ எஃப்1. 2018 ஆகஸ்ட்ல 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845-அ குடுத்து எல்லாரையும் வாய பொளக்க வெச்சாங்களே, அதேதான். ஆண்ட்ராய்டு 8.1-ல வந்துச்சு, 10 வரைக்கும் அப்டேட் குடுத்தாங்க, அதோட கதை முடிஞ்சுது. ஆனா அந்த ப்ராசஸர் இன்னைக்கும் குதிரை மாதிரி ஓடுது, ஸ்க்ரீன்ல ஒரு கீறல் இல்ல, பேட்டரி மட்டும் ஒரு தடவ மாத்திருக்கேன். செக்யூரிட்டி பேட்ச் வந்து வருஷக்கணக்காச்சு, அதான் உறுத்தல். இந்த மாடலுக்கு லினியேஜ் ஓஎஸ்-ங்கற கஸ்டம் ரோம்ல அஃபிஷியல் பில்டே உண்டு, பெரிலியம்ங்கற கோட் பேர்ல தேடுனா வரும், சயனோஜென்மோட்ங்கற பழைய கஸ்டம் ரோம 2016 கடைசில இழுத்து மூடுனப்ப அதுல இருந்து வந்ததுதான் இந்த லினியேஜ், கம்பெனி கைவிட்ட எத்தனையோ ஃபோன இவங்கதான் உசுரோட வெச்சிருக்காங்க. அதனால கஸ்டம் ரோமே வேஸ்ட், தொடாதீங்கன்னு நான் சொல்ல வரல. எதுக்கு சொல்றேன்னா கீழ கமெண்ட்ல கண்டிப்பா ஒருத்தர் வந்து சொல்லுவார்.

வீட்ல விண்டோஸ் லேப்டாப் இல்ல, ஆபீஸ் லேப்டாப்ல இதெல்லாம் போட முடியாது. அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்து சந்துல ஒரு கடைல விசாரிச்சேன். 1,200 ரூபாய்னான். லினியேஜ் அஃபிஷியல்தான் வேணும்னு தெளிவா சொன்னேன், "அதேதான் ப்ரோ, டெய்லி பத்து பீஸ் பண்றோம்"னு சொல்லி ஃபோன எடுத்துட்டு தடுப்புக்கு அந்தாண்ட போயிட்டான். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து ஃபோன கையில குடுத்து, இப்ப ரிக்வஸ்ட் போட்டாச்சு, அடுத்த வாரம் கொண்டு வாங்கன்னான்.

இந்த ஒரு வாரம் என்னன்னு தெரியாதவங்களுக்கு: எம்ஐயூஐ-ங்கற ஷாவ்மியோட பழைய சாஃப்ட்வேர் ஓடுற ஷாவ்மி, ரெட்மி, போக்கோ ஃபோன்ல பூட்லோடர் அன்லாக் (வேற சாஃப்ட்வேர் போட விடாத பூட்ட தொறக்கறது) பண்ணணும்னா உங்க எம்ஐ அக்கவுண்ட ஃபோன்ல லாகின் பண்ணி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல போயி, மொபைல் டேட்டா ஆன் பண்ணி, அக்கவுண்டையும் ஃபோனையும் சேத்து பதிவு பண்ணணும். பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்க சொல்லும், அப்புறம் கம்ப்யூட்டர்ல அவங்க டூல வெச்சு அன்லாக். இதுக்கு கம்பெனி ஒரு பைசா வாங்குறதில்ல. கவனிச்சீங்களா, "உங்க" அக்கவுண்ட்.

அன்னைக்கு நைட்டு செட்டிங்ஸ் தொறந்தா மேல எவனோ ஒருத்தன் பேரு. என் அக்கவுண்ட தூக்கிட்டு கடைக்காரன் அவன் அக்கவுண்ட லாகின் பண்ணி வெச்சிருக்கான். அதோட விட்டானா, க்ளவுட் சிங்க் ஆன்ல இருக்கு, கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் ரெண்டும். நான் பாக்கும்போதே ஒவ்வொண்ணா அவன் அக்கவுண்டுக்கு மேல ஏறிட்டு இருக்கு. உடனே சிங்க்க ஆஃப் பண்ணிட்டு சைன் அவுட் குடுத்தா பாஸ்வேர்ட் கேக்குது, ஃபைண்ட் டிவைஸும் (தொலஞ்ச ஃபோன தேடற, லாக் பண்ற வசதி) ஆன் பண்ணி வெச்சிருக்கான். ஃபோன் பண்ணா, "அது ப்ராசஸ் ப்ரோ, அன்லாக் ஆனா தானா போயிடும்." பாஸ்வேர்ட் அவன்கிட்ட இருக்கு, ஃபோன் என்கிட்ட இருக்கு, திரும்ப அவன்கிட்ட போறத தவிர வேற வழியே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. இது தெரியாம நடந்ததுன்னு நான் நம்பல.

அடுத்த வாரம் போனேன். சிம்ம கழட்டி என் கையில குடுத்துட்டு வேலைய ஆரம்பிச்சான், முடிச்சதும் கடை வைஃபைலயே யூட்யூப் ஓட்டி காட்டுனான், பாருங்க ப்ரோ எவ்ளோ ஸ்மூத்னு. உண்மையிலயே ஸ்மூத்தாத்தான் இருந்துச்சு. காச ஜிபே-ல போட்டேன், எதோ ஒரு பர்சனல் பேருக்கு போச்சு. பில் கேட்டதுக்கு "சாஃப்ட்வேருக்கு பில் கிடையாது ப்ரோ"ன்னான்.

வீட்டுக்கு வந்து சிம் போட்டா நோ சர்வீஸ். வேற சிம் போட்டேன், அதே கதை. *#06# அடிச்சு பாத்தா ஐஎம்இஐ எடத்துல சைபர். சரின்னு அபவுட் ஃபோன நோண்டுனா அங்க அடுத்த ஆப்பு, லினியேஜே இல்ல, ஏதோ டெலிகிராம் குரூப்ல கெடைக்குற அன்அஃபிஷியல் பில்டு, டெஸ்ட்-கீஸ்னு போட்டிருக்கு. டெஸ்ட்-கீஸ்னா அந்த சாவி ஊருக்கே பொதுவா கெடைக்கறது, அதே சாவில எவன் வேணும்னாலும் ஒரு ஆப்ப சைன் பண்ணி சிஸ்டம் ஆப் மாதிரி உள்ள நொழைக்கலாம். கூடவே நான் கேக்காத ஒரு க்ளீனர் ஆப், ஒரு கீபோர்டு. நீங்க அடிக்கிற ஒவ்வொரு பாஸ்வேர்டும் அந்த கீபோர்டு வழியாத்தான் போகுது, யோசிச்சு பாருங்க.

சிம் ஏன் போச்சுன்னு இங்க கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இதுதான் மேட்டரே. ஸ்னாப்டிராகன் மாதிரி குவால்காம் சிப் இருக்கற ஃபோன்ல மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2-ன்னு ரெண்டு பார்ட்டிஷன் இருக்கு, பொதுவா இஎஃப்எஸ்-னு சொல்லுவாங்க, நெட்வொர்க் சம்பந்தப்பட்ட உங்க ஃபோனோட சொந்த டேட்டா அதுலதான். பெர்சிஸ்ட்னு இன்னொண்ணு, சென்சார் கேலிப்ரேஷன் மாதிரி சமாச்சாரமெல்லாம் அதுல. ரோம எத்தன தடவ வேணும்னாலும் டவுன்லோட் பண்ணலாம். இந்த ரெண்டும் உங்க ஃபோன்ல மட்டும்தான் இருக்கு, அழிஞ்சா இன்டர்நெட்ல எங்கயும் கெடைக்காது. ஒழுங்கா பண்றவன் டிடபிள்யூஆர்பி ரெக்கவரிய (ரோம் போட, பேக்கப் எடுக்க உதவற சாஃப்ட்வேர்) பூட் பண்ணதும் மொத வேலையா இதத்தான் பேக்கப் எடுப்பான், சில நிமிஷ வேலை. இவன் எதையும் எடுக்காம முழுசா எரேஸ் அடிச்சிருக்கான்.

மறுநாள் காலைல போனா அலட்டிக்கவே இல்ல. "சின்ன ப்ராப்ளம்தான், சர்வர்ல எழுதணும், 800 ஆகும்." அவன் கெடுத்ததுக்கு என்கிட்டயே 800. வேலையையும் அவன் பண்ணல. எனிடெஸ்க் தொறந்து ஒரு நம்பர வாட்ஸாப்ல அனுப்பிட்டு டீ குடிக்க போயிட்டான், எந்த ஊர்லயோ உக்காந்திருக்கறவன் கடை கம்ப்யூட்டர்ல மவுஸ ஓட்டிட்டு இருக்கான், என் ஃபோன் கேபிள்ல தொங்குது. கடைசில டவர் வந்துச்சு, ரெண்டு சிம்மும் எடுத்துச்சு.

வீட்ல பழைய பாக்ஸ் பரண்ல இருந்துச்சு, எடுத்து ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரையும் ஸ்க்ரீன்ல வர்ற நம்பரையும் பக்கத்துல வெச்சு பாத்தேன். ஆரம்பத்துல இருந்தே வேற. பதினஞ்சு இலக்கத்துல மொத எட்டு மாடலுக்கானது, அதுவே மாறியிருக்குன்னா வேற ஏதோ ஃபோனோட நம்பர். இங்கிலீஷ்ல கே ஒய் எம்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த ஐஎம்இஐ-ய போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புனேன், வேற கம்பெனியோட ஒரு சாதா மாடல் பேரு வந்துச்சு.

இது வெறும் ரிப்பேர் தகராறு இல்ல. ஐஎம்இஐ-ய மாத்துறத தடுக்க 2017-லயே தனி விதி போட்டாச்சு, 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல இதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். மாத்துனவனுக்கு மட்டும் இல்ல, மாத்துனதுன்னு தெரிஞ்சே வெச்சிருக்கறவனுக்கும் சிக்கல். அதுக்கும் மேல, என் ஃபோன்ல எழுதுன நம்பர் யாரோ ஒருத்தரோட தொலஞ்ச ஃபோன் நம்பரா இருந்து அவங்க சிஇஐஆர்-ல (தொலஞ்ச ஃபோன ப்ளாக் பண்ற அரசு தளம்) ப்ளாக் பண்ணியிருந்தா? போலீஸ் தேடிட்டு வர்றது என் வீட்டுக்குத்தான்.

நாலாவது தடவ போனேன், இந்த வாட்டி மச்சானையும் கூட்டிட்டு. ஒண்ணும் வேணாம், பழைய கம்பெனி சாஃப்ட்வேரையே போட்டு என் பழைய ஐஎம்இஐ-யோட குடுன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்து கம்பெனி சாஃப்ட்வேர போடற எம்ஐ ஃப்ளாஷ் டூல்ல கீழ "க்ளீன் ஆல்", "சேவ் யூசர் டேட்டா", "க்ளீன் ஆல் அண்ட் லாக்"னு ஆப்ஷன் வரும், அந்த கடைசி ஆப்ஷன்தான் ஏற்கனவே டிக் ஆகி இருக்கும், மாத்தாம ஃப்ளாஷ் குடுத்தா பூட்லோடர் திரும்ப லாக் ஆயிடும். அவன் மாத்தல. இதுலயாச்சும் என் ஃபோன் தப்பிச்சுது, சரியான ஊர் ரோம் போட்டதால. சைனா ஃபோன்ல குளோபல் ரோம போட்டு இப்படி லாக் பண்ணா "இந்த எம்ஐயூஐ வெர்ஷன இந்த டிவைஸ்ல போட முடியாது"ன்னு ரெக்கவரில வந்து நிக்கும், அதுக்கு மேல அவ்ளோ லேசுல அசையாது.

சரி ஃபோன் ஆன் ஆச்சு. ஆன் ஆனதும் ஸ்க்ரீன்ல, இந்த டிவைஸ் லாக் செய்யப்பட்டிருக்கு, இன்ன அக்கவுண்டோட பாஸ்வேர்ட போடுன்னு வருது. யார் அக்கவுண்டு? அவனோடதுதான்! அதுக்கு அவன் சொன்னது இன்னும் காதுல கேக்குது, "எம்ஐ லாக் எடுக்க தனி சார்ஜ் ப்ரோ, 500, சர்வர் கிரெடிட் போகும்." அவனோட பாஸ்வேர்ட அவனே அடிக்கறதுக்கு 500 ரூபாய் சர்வர் சார்ஜ்.

மச்சான் போட்ட சத்தத்துல பக்கத்து கடை பாய் எந்திரிச்சு வந்து என்னன்னு கேட்டாரு. அவர் ரெண்டு வார்த்த சொன்னதும் பாஸ்வேர்ட் சர்வர் இல்லாமயே வந்துடுச்சு, அந்த 800-உம் திரும்பி வந்துச்சு. 1,200 வரல. ஐஎம்இஐ-யும் வரல, பேக்கப்பே இல்லாதப்ப எங்க இருந்து வரும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போர்டு மாத்துனாத்தான்னு சொல்லிட்டாங்க, அந்த காசுக்கு இன்னொரு ஃபோனே வாங்கிடலாம். சிம்ம வெளிய எடுத்துட்டேன். ஸ்டேஷன்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் (புகார் வாங்குனதுக்கான ரசீது) வாங்கி வெச்சிருக்கேன், பின்னாடி எவனாவது வந்து கேட்டா காட்ட ஒரு பேப்பர் வேணும்ல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பேசுனேன், மரியாதையா பேசுனாங்க, பில் இல்லாட்டியும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸாப் சாட் எல்லாம் பத்திரமா வெச்சுக்கோங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்லயே போடலாம்னு சொன்னாங்க. 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கெடையாது. போடப் போறேன்.

இதெல்லாம் நடந்தும் கஸ்டம் ரோம் போடலாமான்னு கேட்டா, மூலைல கெடக்குற ரெண்டாவது ஃபோனா இருந்து, அதுக்கு அஃபிஷியல் பில்டு இருந்தா தாராளமா போடுங்க, கம்பெனி குடுக்காத பேட்ச் வரும், எம்ஐயூஐ விளம்பரம் தொல்லை ஒழியும். சம்பளம் வர்ற அக்கவுண்டு, யுபிஐ எல்லாம் ஓடுற மெயின் ஃபோன்ல வேணாம்னுதான் சொல்லுவேன். பூட்லோடர் அன்லாக்னாலே ஃபோன்ல யாரும் கை வெக்கலன்னு பாக்கற கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டி செக்ல அடிபடும், பல பேங்க் ஆப் தொறக்கவே தொறக்காது. மாஜிஸ்க்னு ஒரு ரூட் டூல போட்டு மறைக்கலாம்னு சொல்லுவாங்க, மறைக்கலாம்தான், இன்னைக்கு வேலை செய்யும், அடுத்த அப்டேட்ல புட்டுக்கும், நடுரோட்ல பெட்ரோல் பங்க்ல நின்னுட்டு மாட்யூல் தேடிட்டு இருக்க முடியுமா. சில மாடல்ல வைட்வைன்ங்கற வீடியோ காப்பி பாதுகாப்பு எல்1 லெவல்ல இருந்து எல்3-க்கு எறங்கிடும், அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் மங்கலாத்தான் தெரியும். சாம்சங் வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதை, அதுல நாக்ஸ்னு உள்ளயே ஒரு ஃப்யூஸ், ஒரு தடவ போச்சுன்னா பழைய சாஃப்ட்வேர திரும்ப போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் அந்த ஃபோன்ல வராது. அன்லாக் ஆகும்போது டேட்டா மொத்தமும் அழியும், அது எந்த கம்பெனியா இருந்தாலும் சரி, டேட்டா போகாம பண்ணி தர்றேன்னு ஒருத்தன் சொன்னா அந்த எடத்துலயே கெளம்பிடுங்க.

கடைலதான் குடுத்தாகணும்னா குடுக்கறதுக்கு முன்னாடி *#06# அடிச்சு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற ஃபோனுக்கு அனுப்பி வெச்சுக்கோங்க. உங்க அக்கவுண்ட நீங்களே லாகின் பண்ணுங்க, ஃபோன உள்ள எடுத்துட்டு போக விடாதீங்க. இஎஃப்எஸ் பேக்கப் எடுத்து அந்த ஃபைல என் பென்ட்ரைவ்ல குடுன்னு கேளுங்க, முழிச்சான்னா அவனுக்கு வேலை தெரியல. முடிஞ்சதும் அங்கயே சிம் போட்டு ஒரு கால் பண்ணி பாத்துட்டு, *#06# மறுபடி அடிச்சு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.

ஏற்கனவே எங்கயாவது சாஃப்ட்வேர் வேலைக்குன்னு குடுத்து வாங்குனவங்க இப்பவே பாக்ஸ் ஸ்டிக்கர எடுத்து ஒத்து பாருங்க, செட்டிங்ஸ்ல யார் பேரு இருக்குன்னும் பாருங்க. இதே மாதிரி சிஎஸ்ஆர் வரைக்கும் போனவங்க யாராவது இருந்தா அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, கடை பேர கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, ஆணையத்துல போட்டு முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன்.