காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டு

கேம் நன்றாகத்தான் இருக்கிறது, ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் காப்பி தடுப்பு மென்பொருளுக்கு ஒரு ஸ்டார்கூட அதிகம். ஒற்றை ஆளாக ஆடுகிற கேமுக்கு எதற்கய்யா எந்நேரமும் நெட்? பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் தூறல் போட்டாலே பிராட்பேண்ட் படுத்துவிடும், உடனே 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று ஆட்டம் நின்றுவிடும், அப்புறம் கடைசியாக சேவ் ஆன இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன், அதைப் புது கம்ப்யூட்டர் என்று நினைத்து கேமைப் பதிந்து திறக்க அனுமதித்த தடவைகளில் (ஆக்டிவேஷன்) ஒன்றைக் கழித்துக்கொண்டது. கம்பெனியிடம் கேட்டால் பில் அனுப்பு என்கிறார்கள்.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 2008-ல் ஸ்போர் என்ற கேம் செக்யூரோம் என்ற காப்பி தடுப்போடு வந்தபோது மூன்று ஆக்டிவேஷன்தான் என்றார்கள், அமேசானில் ஜனங்கள் ஒற்றை ஸ்டாராகப் போட்டுத் தாளித்தார்கள், பிறகு ஆக்டிவேஷன் எண்ணிக்கையை ஐந்தாக்கினார்கள். பழைய டிஸ்க்குகள் கதை இன்னும் மோசம், பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பின் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதே இல்லை, காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க் கையில் இருந்தும் அப்படியே ஓடாது. காப்பி தடுப்பை உடைத்து, அதாவது கிராக் போட்டு ஆடுகிறவனுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது!

சரி, ஃபைபர் நிலையாக வருகிற வீடு என்றால் வாங்குங்கள். மற்றவர்கள் முதலில் காப்பி தடுப்பு இல்லாமல் கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே இன்ஸ்டாலரை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம்.