பில்ட் கோப்புகளை ரிவியூ செய்ய கெரிட்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பெரிய சி++ புராஜெக்ட் ஒன்றில், நிரலை எப்படிக் கம்பைல் செய்து இணைப்பது என்று தீர்மானிக்கும் சிமேக் கருவியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் சிமேக்லிஸ்ட்ஸ் என்னும் பில்ட் கோப்பில் ஒரு வரியைத் தொட்டாலும் ரிவியூவர் பட்டியலில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்துவிடும். இந்த ரிவியூ எல்லாம் பல வருடமாக கெரிட்டில்தான் நடக்கிறது. பில்ட் கோப்புகளுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கெரிட் ஒரு கோட் ரிவியூ கருவி, ஆண்ட்ராய்டு புராஜெக்டுக்காக கூகுளில் உருவானது. கிட்ஹப்பில் ஒரு கிளை முழுவதையும் புல் ரிக்வெஸ்ட்டாக (சேர்க்கச் சொல்லும் கோரிக்கையாக) பார்ப்போம். இங்கே ஒவ்வொரு கமிட்டும் (ஒருமுறை பதிந்த மாற்றத் தொகுப்பு) தனி ரிவியூ. திருத்தி மறுபடி புஷ் செய்தால் அதே ரிவியூவில் அடுத்த பேட்ச்செட்டாக, அதாவது அடுத்த பதிப்பாகச் சேரும். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் திட்டாமல் இருக்க மாட்டார்கள். கமிட் செய்தியில் சேஞ்ச்-ஐடி என்னும் அடையாளத்தைப் போடும் ஹூக்கை (சிறு ஸ்கிரிப்டை) நிறுவ மறந்தால் புஷ்ஷே உள்ளே போகாது. கமெண்ட் எழுதி சேமித்துவிட்டு 'ரிப்ளை' அழுத்த மறந்தால் அது டிராஃப்டாகவே கிடக்கும், எழுதியவரோ பதில் வரவில்லையே என்று காத்திருப்பார். பழகினால் சரியாகிவிடும்.

பில்ட் மாற்றங்களுக்கு இந்த 'ஒரு கமிட், ஒரு ரிவியூ' முறை ரொம்பப் பொருத்தம். நாற்பது கோப்பு மாறும் ஒரு ஃபீச்சரின் நடுவில் 'இந்த எச்சரிக்கையை அணைத்துவிடு' என்று ஒரு ஃப்ளாக் சேர்ந்திருந்தால் யார் கண்ணில் படும்? கெரிட்டில் அதைத் தனி கமிட்டாகப் பிரித்துக் கேட்பது எளிது, எழுதுபவருக்கும் பெரிய சுமை இல்லை. அப்புறம் பேட்ச்செட் 3-க்கும் 5-க்கும் நடுவில் என்ன மாறியது என்று மட்டும் பார்க்க முடிகிறது பாருங்கள், அதற்காகவே நான் இதை விட்டு நகர மாட்டேன்.

சரி, இப்போது குறை. பில்ட் கோப்பில் திரையில் தெரியும் டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) ஒன்று, உண்மையில் நடக்கும் மாற்றம் வேறு. ஒரு உதாரணம். எங்கள் நெட்வொர்க் லைப்ரரி, ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க லைப்ரரியை 'பிரைவேட்' என்று போட்டு லிங்க் செய்கிறது. ஒருவர் அதை 'பப்ளிக்' என்று மாற்றி அனுப்பினார். டிஃபில் ஒரே ஒரு சொல், பழையது சிவப்பில், புதியது பச்சையில். பில்ட் பாஸ். ஆனால் அந்த ஒரு சொல்லால் நெட்வொர்க் லைப்ரரியை நம்பியிருக்கும் அத்தனை டார்கெட்டுக்கும் (பில்டில் உருவாகும் லைப்ரரி, நிரல் ஒவ்வொன்றுக்கும்) ஓபன்எஸ்எஸ்எல்லின் இன்க்ளூட் பாதை போய்ச் சேர்கிறது. நாளைக்கு யாராவது சம்பந்தமில்லாத ஒரு மாட்யூலில் அதன் ஹெடரை இழுத்துப் பயன்படுத்துவார், அதற்கு மேல் ஓபன்எஸ்எஸ்எல்லை அங்கிருந்து பிரிக்கவே முடியாது. 'ஏன் பப்ளிக்?' என்று கேட்டால் பதில், 'டெஸ்ட்டில் ஹெடர் கிடைக்கவில்லை ப்ரோ'. டெஸ்ட் டார்கெட்டில் தனியாக ஒரு லிங்க் வரி போட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம்.

இதைக் கண்ணால் பிடிப்பது அன்றைக்கு ரிவியூவருக்குத் தூக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதனால் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) எழுதி வைத்தோம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சிமேக்கை ஓட்டி, இரண்டு முறையும் வரும் 'கம்பைல் கமாண்ட்ஸ்' ஜேசன் கோப்புகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டு, முடிவை கெரிட்டில் கமெண்டாகப் போடும். எத்தனை கோப்புகளின் கம்பைல் கட்டளை மாறுகிறது, எந்த ஃப்ளாக் வந்தது, எது போனது, அவ்வளவுதான். அந்த ஜேசனில் லிங்க் கட்டளைகள் இருக்காது, எனவே அதற்கு, பில்டை ஓட்டும் நிஞ்சா கருவியிடமே எல்லாக் கட்டளைகளையும் கேட்டு வாங்கி இன்னொரு ஒப்பீடு. மேலே சொன்ன பப்ளிக் மாதிரி ஒன்று வந்தால் ஒரு சொல் டிஃபுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கோப்புகள் வரிசையாக நிற்கும். நான் வாய் திறப்பதற்குள் எழுதியவரே பேட்ச்செட்டை மாற்றிவிடுவார்.

தலைகீழாகவும் உதவுகிறது. பழைய சிமேக் கோப்புகளைச் சுத்தம் செய்யும் ராட்சத கமிட்கள் வரும், பக்கம் பக்கமாகச் சிவப்பும் பச்சையும். முன்பெல்லாம் அதைத் திறக்கவே மனசு வராது. இப்போது பாட் 'கட்டளைகளில் மாற்றம் எதுவும் இல்லை' என்று சொன்னால் நடை, பெயர்கள், கமெண்ட்கள் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக +2 (இறுதி ஒப்புதல்) போடலாம்.

'நான் இழுத்து பில்ட் செய்து பார்த்தேன், ஓடுகிறது' என்று +1 போடுபவர்கள் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் சிமேக்கில் ஒரு ஆப்ஷனின் இயல்பு மதிப்பை மாற்றினால் பழைய பில்ட் ஃபோல்டரில் அது எடுபடாது, கேஷ் கோப்பில் இருக்கும் பழைய மதிப்பே தொடரும். அவர் சோதித்தது பழைய நிலையைத்தான். பில்ட் ஓடுகிறது என்று கெரிட்டில் வெரிஃபைட் வாக்கு போடும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் காலி ஃபோல்டரில் தொடங்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

2025 மார்ச்சில் சிமேக் 4.0 வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 3.5-க்கு முந்தைய பதிப்புகளோடு ஒத்துப்போகும் வசதியை அதில் நீக்கிவிட்டார்கள். பழைய மூன்றாம் தரப்பு லைப்ரரிகள் எல்லாம் கான்ஃபிகர் ஆகாமல் நின்றன, உடனே 'குறைந்தபட்ச சிமேக் பதிப்பு' வரியை உயர்த்தும் ஒரு வரி மாற்றங்கள் குவிந்தன. எண்தானே மாறுகிறது என்று கடந்து போகத் தோன்றும். அந்த எண்ணோடு சிமேக்கின் பாலிசிகள் கொத்தாகப் புதிய நடத்தைக்கு மாறும். உதாரணமாக 3.13-இல் வந்த ஒரு பாலிசி: மேலே உள்ள கோப்பில் சாதாரண மாறியாக 'டெஸ்ட் வேண்டாம்' என்று வைத்திருந்தால், பழைய நடத்தையில் கீழே வரும் ஆப்ஷன் கட்டளை அதைத் துடைத்துவிட்டுத் தன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும்; புதிய நடத்தையில் மேலே வைத்ததை மதிக்கும். புதியதுதான் நியாயம். ஆனால் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட்கள் சத்தமில்லாமல் காணாமல் போகலாம், பில்ட் முன்னைவிட வேகமாகப் பச்சையாகும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் எத்தனை டெஸ்ட்கள் பதிவாகின்றன என்பதையும் பாட் சொல்கிறது.

இதெல்லாம் அளவுக்கு மீறிய ஜாக்கிரதை என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரம். 2024 மார்ச் இறுதியில், எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் போன போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புதைத்து வைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். எனக்கு அதில் மறக்க முடியாதது அந்தப் பின்வாசல் அல்ல, அதைப் புதைத்த ஆளே சிமேக் கோப்பில் வைத்த ஒரு புள்ளி. லேண்ட்லாக் என்னும் லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு குட்டி சி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் இடம். இன்க்ளூட் வரிகளுக்கும் ஃபங்ஷனுக்கும் நடுவில், தனி வரியில், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அது இருக்கும்வரை அந்த நிரல் எங்கேயும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகவில்லை என்றால் வசதி இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த மாதிரி சோதனைகளின் வழக்கம், எனவே பிழை எதுவும் காட்டாமல் பாதுகாப்பு அணைந்துவிடும்.

டிஃபில் அந்தப் புள்ளியை நான் பார்த்திருப்பேனா? மாட்டேன். ஆனால் இந்தச் சோதனைகளின் முடிவுகள் சிமேக் கேஷில் பதிவாகும். இப்போது பாட் அந்த வரிகளையும் முன்-பின் ஒப்பிடுகிறது. '1' என்று இருந்தது காலியானால் பட்டியலில் தனியாகத் தெரியும். அதே சமயம், எக்ஸ்இசட்டின் பின்வாசலை பில்டுக்குள் நுழைத்த எம்4 கோப்பு கிட் களஞ்சியத்திலேயே இல்லை, வெளியீட்டு டார்பாலில் (சுருக்கிய தொகுப்பில்) மட்டும் இருந்தது. அதை கெரிட் உட்பட எந்த ரிவியூ கருவியும் பிடித்திருக்காது.

லேபிள் விஷயத்தில் கெரிட்டுக்கு முழு மார்க். வழக்கமான கோட்-ரிவியூ வாக்கோடு 'பில்ட்-ரிவியூ' என்று தனி லேபிள் வைத்து, சிமேக் கோப்புகளைத் தொடும் மாற்றங்களுக்கு மட்டும் அது கட்டாயம் என்று அமைத்திருக்கிறோம். வெறும் ரீபேஸ் (அதே மாற்றத்தைப் புதிய கோட்டின் மேல் எடுத்து வைப்பது) என்றால் கோட்-ரிவியூ வாக்கு அடுத்த பேட்ச்செட்டுக்கும் தொடரும். பில்ட்-ரிவியூ தொடராது, ஏனென்றால் இடையில் வேறு யாராவது மேல் ஃபோல்டரில் ஒரு ஃப்ளாக்கை மாற்றியிருந்தால் அதே வரிக்கு அர்த்தமே வேறு. கிட்ஹப்பில் கோட்ஓனர்ஸ் (எந்தக் கோப்புக்கு யார் ரிவியூவர் என்னும் பட்டியல்) வைத்துப் பாதி தூரம் வரலாம், ஆனால் அங்கே அப்ரூவல் என்பது ஒரே வகைதான். இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை, அந்த லேபிளில் வாக்குப் போடத் தெரிந்தவர்கள் மிகச் சிலர் என்பது. தீபாவளி வாரத்தில் அவர்கள் லீவு போட்டால் வரிசை தேங்கிவிடும், மேனேஜர் போன் வரும்.

வெளி லைப்ரரிகளின் பதிப்பை உயர்த்தும் மாற்றங்களில் கெரிட் சுத்தமாக உதவாது. சப்மாட்யூல் (உள்ளே இணைத்த வேறொரு களஞ்சியம்) என்றால் பழைய ஹேஷ் (கமிட்டின் அடையாளம்), புதிய ஹேஷ், முடிந்தது கதை. உள்ளே நூறு கமிட் வந்திருக்கலாம். அவற்றின் தலைப்புப் பட்டியலைக் கமிட் செய்தியில் ஒட்டாமல் வந்தால் -1 போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். வெளி லைப்ரரியை இறக்கும் சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட்டில் கிளைப் பெயர் கொடுத்தாலும் அதே -1தான், முழு கமிட் ஹேஷ் வேண்டும். டேகைக்கூட (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பதிப்புப் பெயரை) நகர்த்த முடியும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

இன்னும் தீராதது விண்டோஸ் பக்கம். கம்பைல் கமாண்ட்ஸ் கோப்பை சிமேக் மேக்ஃபைலுக்கும் நிஞ்சாவுக்கும்தான் எழுதித் தரும், விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்டாக உருவாக்கினால் கிடைக்காது. அங்கே எங்கள் பாட் கண் தெரியாமல் நிற்கும், நானும் பழையபடி டிஃபை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரிவியூவுக்காக மட்டும் விண்டோஸின் எம்எஸ்விசி கம்பைலரை நிஞ்சாவோடு ஓட்டும் ஒரு தனி பில்டை இப்போது சோதித்து வருகிறோம். கம்பைலர் ஃப்ளாக்குகள் ஓரளவு ஒத்துப்போகின்றன, ரன்டைம் லைப்ரரி தேர்வில் மட்டும் இன்னும் இழுபறி.