இழுக்கும்போது திக்கும் பழைய கார்: பெற்றோல் பக்கமா, தீப்பொறி பக்கமா?

பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்து எக்ஸலேட்டரை மிதித்தால், என்னுடைய 90களின் டொயோட்டா, 110 கொரோலா, ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நகரும். பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்னில் கை வைத்துவிடுவார். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பழைய காரை இன்னும் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர்கள் கொழும்பில் ஏராளம். இந்தத் திக்கலுக்கு எல்லோரும் கைகாட்டுவது பெற்றோலை அல்லது தீப்பொறியை. எதை முதலில் பார்ப்பது?

நான் பெற்றோல் பக்கத்தில் தொடங்கிக் காசை விட்டேன். ஒரு கராஜில் காரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் பம்ப் போய்விட்டது என்றார்கள். மாற்றிக்கொண்டு வீதிக்கு வந்ததுமே அதே திக்கல். பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். பெற்றோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றிவிட்டால் இந்த எஞ்சினில் அழுத்தம் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். குழாய் மாட்டியிருக்கும்போது எக்ஸலேட்டரை மிதித்தால் முள் சற்று ஏற வேண்டும். ஏறாமல் விழுந்தால் பில்டரோ பம்போதான். 2022 தட்டுப்பாட்டில் கேன்களில் சேர்த்து ஊற்றிய பெற்றோலோடு எத்தனை தாங்கிகளுக்குள் அழுக்கும் போனதோ. அப்போதிருந்து பில்டர் மாற்றாதவர்கள் அதையாவது மாற்றிவிடுங்கள்.

பெற்றோல் குறைவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தெஹிவளை மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் நீண்ட நேரம் மிதித்துக்கொண்டே போகும்போது இழுவை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வரும். தீப்பொறிக் கோளாறு அப்படியில்லை. வெடுக் வெடுக்கென்று வெட்டும், மழை நாளில் கூடும். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் அதிகமாக அடைகின்றன. அந்த நெருக்கத்தில், தீப்பொறி விடும் பிளக்கின் முனை இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. பிளக்குக்குப் போகும் வயரின் உறை வெடித்திருந்தால் மின்சாரம் சுலபமான வழியில் எஞ்சின் உடம்புக்குத் தாவிவிடும். சும்மா நிற்கையில் ஒழுங்காக ஓடும் எஞ்சின் மிதித்ததும் திக்குவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை என்பதால்தான் தீப்பொறிதான் முதலில் என்று அடித்துச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் வயதான மெக்கானிக் ஒருவர், "தம்பி, இருட்டட்டும், பிறகு பார்ப்பம்" என்றார். இருட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு வயர்கள் மீது தண்ணீரைப் பனிபோல மெல்லியதாகத் தெளித்தார். மூன்றாவது வயரில் நீலப் பொறி ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பார்க்கும்போது வயரில் கை வைக்காதீர்கள். மீட்டரில் ஒரு வயர் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டினாலும் அது கழிவுதான். பிளக்கையும், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் அப்படியே கழற்றிப் பாருங்கள்; வெள்ளவத்தை போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றால் முனைகள் பூத்திருக்கும்.

சரி, இரண்டுமே சரியாக இருந்தால்? மிதித்த முதல் கணத்தில் மட்டும் திக்கி, அப்புறம் நன்றாக இழுத்தால் காற்றுப் பக்கம் போங்கள். சூட்டில் இறுகி வெடித்த வாக்குவம் குழாய், அல்லது எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவான த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ரொட்டில் சென்சர். த்ரொட்டிலை மெதுவாகத் திறக்கும்போது அந்தச் சென்சரின் வோல்டேஜ் சீராக ஏற வேண்டும், நடுவில் குதித்தால் தேய்ந்துவிட்டது.

போனோடு இணைக்கும் ஸ்கேனரை 90களின் ஜப்பான் கார்களுக்கு நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் பேசாது. டொயோட்டாவில் பொனட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஈ1 (TE1), ஈ1 (E1) இரண்டையும் வயரால் இணைத்தால் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டிக் கோளாறின் குறியீட்டு எண்ணைச் சொல்லும். ஆனால் வெடித்த வயரையோ அடைத்த பில்டரையோ அது சொல்லாது.

கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றிய சாமான்தான் மலிவு. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு, த்ரொட்டில் சென்சர் இவற்றைப் பழையதாக வாங்கலாம், கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தால். பிளக் வயரை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம். நான்கையும் ஒன்றாகப் புதிதாகப் போடுங்கள்.