ஆரிலிருந்து ஓட்ட வின்பக்ஸா, ஜாக்ஸா: மெமரி எரர் வந்த பிறகு நான் மாறிய கதை

பறவைக் கணக்கெடுப்புத் தரவு: 250 இடங்கள், 8 ஆண்டுகள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த இனம் உண்மையில் இருந்ததா இல்லையா என்று புள்ளியியல் மாதிரி (மாடல்) ஊகிக்கும் இசட் மதிப்புகள் மட்டுமே 2,000. புள்ளியியல் மொழியான ஆரிலிருந்து, ஆர்2வின்பக்ஸ் பேக்கேஜ் வழியாக வின்பக்ஸில் ஓட்டினேன். வின்பக்ஸும் ஜாக்ஸும் மாதிரியின் தெரியாத மதிப்புகளை ஆயிரக்கணக்கான சுற்றுகளில் எழுமாறாக எடுத்து ஊகிக்கும் பேயீசியன் நிரல்கள். இரவு முழுக்க ஓடி முடித்தது. காலையில் முடிவைப் படிக்கும் இடத்தில் 'கேன்நாட் அலொகேட் வெக்டர்', அதாவது நினைவகம் போதவில்லை என்று ஆர் நின்றுவிட்டது. என்னிடம் இருந்தது 4 ஜிபி மடிக்கணினி. இப்போது அதே மாதிரியை ஆர்ஜாக்ஸ் வழியாக ஜாக்ஸில் ஓட்டுகிறேன்.

இரண்டும் இலவசம். மாதிரியை எழுதும் மொழியும் ஏறக்குறைய ஒன்றுதான். வின்பக்ஸ் விண்டோஸுக்கானது, 2007-இல் வந்த 1.4.3 பதிப்போடு நின்றுவிட்டது. ஜாக்ஸ் லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். இதற்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

நினைவகம் எங்கே நிரம்புகிறது என்பதுதான் விஷயம். ஆர்2வின்பக்ஸ் தரவையும் ஸ்கிரிப்டையும் கோப்புகளாக எழுதி வின்பக்ஸைத் தனி நிரலாகத் திறக்கும். வின்பக்ஸ் முடிவுகளைக் கோடா என்ற வடிவக் கோப்புகளில் எழுத, ஆர் அவற்றைத் திரும்பப் படிக்கும். ஆக, இரண்டு நிரல்கள், இரண்டு நினைவகக் கணக்குகள். வின்பக்ஸ் 32-பிட் நிரல், கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அதற்குக் கிடைப்பது வழக்கமாக 2 ஜிபிதான். ஆர் பக்கம் இன்னொரு சிக்கல். நான் 3 சங்கிலிகள் (வெவ்வேறு தொடக்க மதிப்புகளிலிருந்து தனித்தனியாக ஓடும் ஓட்டங்கள்), ஒவ்வொன்றிலும் 20,000 சுற்றுகள் சேமிக்கச் சொல்லியிருந்தேன். 2,000 இசட், 60,000 மதிப்புகள், ஒன்றுக்கு 8 பைட்: 96 கோடி பைட், கிட்டத்தட்ட 1 ஜிபி. ஆர்2வின்பக்ஸ் அதே மதிப்புகளை சிம்ஸ்.அரே, சிம்ஸ்.லிஸ்ட், சிம்ஸ்.மேட்ரிக்ஸ் என்று மூன்று வடிவங்களில் வைத்திருக்கும். அப்படியானால் 3 ஜிபிக்குப் பக்கம். எத்தனை சுற்றுக்கு ஒன்றைச் சேமிப்பது என்று சொல்லும் என்.தின் மதிப்பைத் தொடாமல் விட்டிருந்தால் அதுவே 60,000 சுற்றுகளைச் சுமார் 1,000-ஆகக் குறைத்திருக்கும். 1 என்று நான் எழுதி வைத்ததால்தான் இத்தனை சேர்ந்தது.

எந்தப் பக்கத்தில் பிழை என்று பார்க்க டீபக்கை ட்ரூ என்று வைத்து ஓட்டுங்கள். வின்பக்ஸ் சாளரம் மூடாமல் நிற்கும். அதன் பதிவில் புள்ளிவிவரங்கள் வந்திருந்தால் சிக்கல் ஆர் பக்கம். 'அன்டிஃபைன்ட் ரியல் ரிசல்ட்' என்று ட்ராப் (வின்பக்ஸின் பிழைச் செய்தி) வந்திருந்தால் அது நினைவகப் பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் மிகப் பரந்த முன்பரவலோ (தரவுக்கு முன் நாம் அளவுருவுக்குக் கொடுக்கும் பரவல்) தொடக்க மதிப்போ காரணமாக இருக்கும்.

ஜாக்ஸில் இந்தத் தேடல் குறைவு. அது ஆர் நிரலுக்குள்ளேயே 64-பிட்டில் ஓடுகிறது, இடையில் கோப்புகள் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி, மாதிரியை ஒருமுறை கம்பைல் செய்து பர்ன்-இன் (ஒதுக்கிவிடும் தொடக்கச் சுற்றுகள்) முடித்துவிட்டால், அதே பொருளிலிருந்து வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பது. முதலில் முக்கிய அளவுருக்களை மட்டும் சேமித்து, சங்கிலிகள் ஒன்று கலந்தனவா என்று பார்ப்பேன். அப்புறம் இசட்டை 20-க்கு ஒன்று என்று எடுப்பேன். மேலே சொன்ன 1 ஜிபி 48 எம்பி ஆகிவிடும். ஆர்2வின்பக்ஸில் எதை மறந்தாலும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது.

இரண்டிலுமே உதவும் ஒன்று உண்டு. இனம் இருந்த இடங்களின் ஆண்டுவாரி எண்ணிக்கைதான் வேண்டும் என்றால், இசட்டின் கூட்டுத்தொகையை மாதிரிக்குள்ளேயே எழுதி அதை மட்டும் சேமியுங்கள். 2,000 என்பது 8 ஆகிவிடும்.

ஜாக்ஸிலும் தொல்லை இல்லாமல் இல்லை. இனம் பார்க்கப்பட்ட இடத்துக்கு இசட்டின் தொடக்க மதிப்பை 1 என்று கொடுக்காவிட்டால் 'நோட் இன்கன்சிஸ்டன்ட் வித் பேரன்ட்ஸ்' என்று நிற்கும். ஒரு பரவலைக் குறிப்பிட்ட எல்லைக்குள் வெட்ட வின்பக்ஸில் எழுதும் ஐ() என்பதை டி() என்று மாற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு தரவு வரியும் நினைவகத்தில் ஒரு கணுவாக (மாதிரி வலையின் ஒரு புள்ளி) இடம் பிடிப்பதால், லட்சக்கணக்கான வரிகளில் கம்பைல் ஆகும்போதே நினைவகம் கரையும். என் தரவு அவ்வளவு பெரிதல்ல, அந்த அளவில் நான் ஓட்டிப் பார்த்ததும் இல்லை. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நிரலான ஸ்டானையும் சிறிய மாதிரிகளுக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன். அதில் இசட் போன்ற தனித்த மதிப்புகளைக் கூட்டி நீக்கி எழுத வேண்டும்.

அண்டை இடங்களின் தாக்கத்தைச் சேர்க்கும் கார்.நார்மல் பரவல் ஜாக்ஸில் கிடையாது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் வின்பக்ஸை இன்னும் வைத்திருக்கிறேன், புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி கிடைக்காது என்பதால் சி டிரைவில் நேரடியாக நிறுவி.